கூடவே வளர்ந்த வைரஸ்

2004 ஏப்ரல் 1 அன்று, எச்.ஐ.வி. அதிகம் பரவியிருந்த ஆறு மாநிலங்களிலும் டெல்லியிலும் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சையை மத்திய அரசு இலவசமாகத் தொடங்கியது. பெரியவர்களை மனதில் வைத்துத் தொடங்கிய திட்டம் அது. குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் வர 2006 நவம்பர் கடைசிவரை ஆனது. அந்த ஆண்டுகளில் தாயிடமிருந்து தொற்றோடு பிறந்த பெண் குழந்தைகள் இன்று இருபது வயதைத் தொட்டு நிற்கிறார்கள். சிகிச்சை இல்லாவிட்டால், தொற்றோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. இந்தப் பெண்கள் அதைத் தாண்டி வந்தவர்கள். பலர் வளரும் வயதிலேயே அப்பாவையோ அம்மாவையோ, சிலர் இருவரையுமே, இழந்தவர்கள்.

எய்ம்ஸ், ராம் மனோகர் லோகியா, லோக் நாயக் போன்ற டெல்லி மருத்துவமனைகளின் ஏ.ஆர்.டி. மையங்களில் இவர்கள் மாத்திரைக்கு வரிசையில் நிற்கும்போது, பக்கத்திலேயே இன்னொரு இளம்பெண்ணும் நிற்கிறாள். பத்தொன்பது இருபது வயதில் கல்யாணமாகி, முதல் கர்ப்பத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் தொற்று தெரியவந்தவள். இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழும் சுமார் 25 லட்சம் பேரில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் பெண்கள். பிறப்பால் தொற்று வந்தவளுக்கும் மணத்தால் வந்தவளுக்கும் கிடைக்கும் மாத்திரை ஒன்றுதான், அதுவும் மிக நல்ல மாத்திரை. ஆனால் அது தினமும் தவறாமல் உள்ளே போக வேண்டுமானால், ரகசியம் காக்கும் ஓர் இடமும், உண்மையைப் பக்குவமாகச் சொல்லும் ஓர் ஆளும், அதே வயதில் ஒரு துணையும் வேண்டும். இவற்றை நாம் கருணைக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். சிகிச்சைக் கணக்கில் எழுத வேண்டியவை இவை. அதற்கு அளந்து பார்த்த ஆதாரம் இருக்கிறது.

முதலில், ஏன் தினமும் விழுங்க வேண்டும் என்பதைப் பார்த்துவிடுவோம். எச்.ஐ.வி. நம் நோய் எதிர்ப்பு அணிகளை வழிநடத்தும் சி.டி.4 செல்களுக்குள் நுழைகிறது. தன்னுடைய ஆர்.என்.ஏ. செய்தியை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதி, ‘இன்டெகிரேஸ்’ என்ற நொதியின் உதவியோடு அந்தச் செல்லின் மரபணுவுக்குள்ளேயே தைத்துவிடுகிறது. அதன்பின் அந்தச் செல் வைரஸ் தயாரிக்கும் கூடமாகிவிடுகிறது. சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி வைரஸ்கள்வரை உருவாகின்றன. நகலெடுக்கும்போது ஏகப்பட்ட பிழைகள் நேர்கின்றன. அந்தப் பிழைகளில் ஒன்று தற்செயலாக மருந்தை ஏமாற்றும் பிழையாக அமைந்துவிட்டால், அந்த வகை வைரஸ் மட்டும் தழைத்துப் பெருகும். அதனால்தான் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒன்றிடம் தப்பித்தது இன்னொன்றிடம் மாட்டிக்கொள்ளும்.

மருந்து நன்றாக வேலை செய்தால் ரத்தத்தில் வைரஸ் பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் சில சி.டி.4 செல்கள் மரபணுவுக்குள் தைத்து வைத்த வைரஸோடு அப்படியே உறங்கிவிடுகின்றன. உறங்கும் செல்லை மருந்தும் தொடாது, எதிர்ப்பு அணியும் அடையாளம் காணாது. வயலில் கோரையை எத்தனை முறை பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும்வரை அது மறுபடி முளைப்பது போலத்தான் இதுவும். மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலானோருக்கு வைரஸ் திரும்பிவிடுகிறது. விட்டு விட்டு விழுங்கினால் அதைவிட மோசம். ரத்தத்தில் மருந்தின் அளவு அரைகுறையாக இருக்கும் நாட்களே எதிர்ப்புத்திறன் பெற்ற வைரஸுக்கு ஏற்ற நாட்கள். ஆகவே பத்து வயதுச் சிறுமியிடம் நாம் கேட்பது, இனி ஆயுள் முழுக்க ஒரு நாளும் தவறாதே என்று.

பிறக்கும்போதே தொற்றோடு வந்த தலைமுறையின் உடம்பில் மருந்துகளின் வரலாறு அப்படியே பதிந்திருக்கிறது. எடைக்கு ஏற்ற அளவு வேண்டும் என்பதால் சிறு குழந்தைகளுக்குச் சிரப். அவற்றில் லோபினவிர், ரிட்டோனவிர் சேர்ந்த சிரப் நாக்கில் வைக்க முடியாத கசப்பு. அதில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் ஆல்கஹால். 2017-இல் இந்தச் சிரப் நாட்டில் தட்டுப்பாடானபோது, எச்.ஐ.வி.யோடு வாழும் 637 குழந்தைகள் கையெழுத்திட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். நிலுவைத் தொகை வராததால் தயாரிப்பாளர் சிரப் செய்வதை நிறுத்திவிட்டார் என்பது அப்போது வெளிவந்த செய்தி. தங்கள் மருந்துக்குத் தாங்களே கடிதம் எழுத வேண்டிய நிலைக்குக் குழந்தைகளை விட்டதை எந்த நிர்வாகக் காரணமும் நியாயப்படுத்தாது.

சிரப்பைத் தாண்டி மாத்திரைக்கு வந்தபோது பலருக்குக் கிடைத்தது ஸ்டாவுடின். உயிரைக் காத்த மருந்துதான், மறுக்க முடியாது. ஆனால் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவை அது கெடுத்தது. கன்னத்திலும் கைகால்களிலும் கொழுப்பு கரைந்தது. ஒட்டிய கன்னத்தைப் பார்த்தே விவரம் தெரிந்தவர்கள் நோயை ஊகித்துவிடுவார்கள். ரகசியமாக வைத்திருந்த ஒன்றை மருந்தே முகத்தில் எழுதிக் காட்டியது. இதைப் படிப்படியாகக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் அறிவுறுத்தியது. மாற்றாக வந்த ஜிடோவுடின் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ரத்தசோகையை உண்டாக்கக்கூடியது. நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. மாதவிடாய் தொடங்கிய வயதில், சத்தான சாப்பாடு கிடைக்காத வீட்டில், இந்த மருந்து எப்படிப்பட்ட சோர்வைக் கொடுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்னொன்று எஃபாவிரென்ஸ். இரவில் விழுங்க வேண்டும். தலைசுற்றலும் விசித்திரமான கனவுகளும் வரும். மறுநாள் பள்ளியில் பரீட்சை இருந்தாலும் வரும்.

இதோடு வைரஸே செய்யும் வேலையும் உண்டு. தொற்றோடு பிறந்து தாமதமாக மருந்து தொடங்கிய குழந்தைகள் உயரம் குறைவாக வளர்கிறார்கள், பருவமடைவதும் தள்ளிப்போகிறது. வகுப்பில் தோழிகள் எல்லாம் வயதுக்கு வந்த பிறகும் தான் மட்டும் சின்னப் பெண்ணாகவே இருப்பது ஏன் என்று அவளுக்குப் புரியாது. பல வீடுகளில் அவளுக்கு இன்னும் எதுவுமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

அது அடுத்த சிக்கல். ‘உனக்கு டி.பி.’, ‘ரத்தத்தில் கொஞ்சம் கிருமி’, ‘சத்து மாத்திரை’ என்று பாட்டியோ சித்தியோ சொல்லி வளர்த்திருப்பார்கள். பயம்தான் காரணம்: பிள்ளை விளையாட்டாகப் பள்ளியில் சொல்லிவிட்டால்? தெருவில் வீடு கிடைக்காமல் போனால்? டெல்லியில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. ஆனாலும் ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள், பிள்ளையின் பக்குவத்துக்கேற்பச் சிறிது சிறிதாகச் சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வழிகாட்டியது. சொல்லாவிட்டாலும் பிள்ளை கண்டுபிடித்துவிடும். சுவரில் ஒட்டிய போஸ்டரிலிருந்து, மாத்திரை டப்பாவின் பெயரைச் செல்போனில் தேடி, அல்லது அறிவியல் பாடத்தில். தானாகத் தெரிந்துகொள்ளும் பெண்ணுக்கு நோயைவிட வீட்டார் மறைத்ததுதான் பெரிய அடியாக விழுகிறது. அந்தக் கோபத்தில் முதலில் தூக்கி எறியப்படுவது மாத்திரை.

பதின்வயதில் மாத்திரை தவறுவது டெல்லிப் பிள்ளைகளின் தனிக் குணமும் இல்லை. எடுத்துப் பார்த்த நாடுகளில் எல்லாம் பதின்வயதினரிடம் வைரஸ் கட்டுப்பாடு பெரியவர்களைவிடக் குறைவாகவே இருக்கிறது. 2005 முதல் 2012 வரை உலகில் எய்ட்ஸ் இறப்புகள் மொத்தத்தில் 30 விழுக்காடு குறைந்தன. அதே காலத்தில் பதின்வயதினரின் இறப்புகள் 50 விழுக்காடு கூடின. நாளைய விளைவை இன்று எடைபோட்டுப் பார்க்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு முதிர்ச்சி பெறுகிறது. அதற்குள் ஹாஸ்டல் வந்துவிடும், கல்லூரி வந்துவிடும். மாத்திரை டப்பாவில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, குலுங்கினால் சத்தம் கேட்காதிருக்கப் பஞ்சை அடைத்து வைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு மறைத்து விழுங்குகிறவளைப் பார்த்து ‘அக்கறை இல்லை’ என்று சொல்வது அநியாயம்.

இந்த நேரத்தில் வந்ததுதான் டோலுடெக்ராவிர். முன்பு சொன்ன இன்டெகிரேஸ் நொதி, தன் வேலையைச் செய்ய இரண்டு மெக்னீசிய அயனிகளைப் பற்றிக்கொண்டிருக்கிறது. டோலுடெக்ராவிர் போய் அந்த அயனிகளையே கவ்விக்கொள்கிறது. நொதி முடங்கிவிடுகிறது, வைரஸால் செல்லின் மரபணுவுக்குள் தைத்துக்கொள்ள முடிவதில்லை. நாளுக்கு ஒரே மாத்திரை, வைரஸ் வேகமாக இறங்குகிறது, ஒன்றிரண்டு நாள் தவறினாலும் பழைய மருந்துகளைப் போல உடனே எதிர்ப்புத்திறன் உருவாகிவிடுவதில்லை. பதின்வயதுக்கென்றே செய்தது போன்ற மருந்து.

ஆனால் 2018 மே மாதம் போட்ஸ்வானாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே பிறப்புகளைக் கண்காணித்துவந்த ‘செபாமோ’ ஆய்வில், கருத்தரிக்கும்போதே டோலுடெக்ராவிர் எடுத்துக்கொண்டிருந்த 426 பெண்களின் குழந்தைகளில் நால்வருக்கு மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாயில் குறை இருந்தது. மற்ற மருந்துகளோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய ஒன்பது மடங்கு. கருவுற்ற நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்ளும் குழாய் அது. பெண்ணுக்குத் தான் கர்ப்பம் என்றே தெரிந்திராத நாட்கள். உடனே பல நாடுகள், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இந்த மருந்தை நிறுத்திவைத்தன. ஆண்களுக்கு நல்ல மருந்து, பெண்களுக்குப் பழைய மருந்து என்றாயிற்று.

அந்த ஜூலையில் ருவாண்டாவின் கிகாலியில் 18 நாடுகளைச் சேர்ந்த, எச்.ஐ.வி.யோடு வாழும் 39 ஆப்பிரிக்கப் பெண்கள் கூடினார்கள். அபாயத்தை எங்களிடம் சொல்லுங்கள், கருத்தடை வசதியையும் கொடுங்கள், எந்த மருந்து என்பதை நாங்கள் தீர்மானிக்கிறோம் என்று அறிக்கை வெளியிட்டார்கள். எண்ணிக்கை கூடக் கூட அறிவியலும் அவர்கள் பக்கம் வந்தது. 2019-க்குள் அந்த வீதம் ஆயிரத்துக்கு மூன்றாக இறங்கியது. பிறகு பல ஆயிரம் பிரசவங்களைப் பார்த்தபோது வேறுபாடே இல்லாமல் போனது. 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் இதையே முதல் மருந்தாகப் பரிந்துரைத்தது. இந்தியா 2020-இல் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒன்றான மாத்திரைக்கு மாறத் தொடங்கியது. போட்ஸ்வானா மருத்துவர்கள் எச்சரித்தது சரி. பெண்களைக் கேட்காமலே பெண்களுக்காக முடிவெடுத்ததுதான் தவறு.

இந்த நல்ல மருந்துக்கும் பெண் உடம்பு சார்ந்த இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது எடை. தென்னாப்பிரிக்காவில் நடந்த ‘அட்வான்ஸ்’ ஆய்வில் டோலுடெக்ராவிர் எடுத்தவர்களுக்கு எடை கூடியது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக. பதினேழு வயதில் உடம்பு பருப்பதைப் பார்த்துச் சொல்லாமல் மாத்திரையை விடும் பெண் உண்டு என்பதை மருத்துவர் முன்கூட்டியே எண்ணிப் பேச வேண்டும். இரண்டாவது இரும்பு. மெக்னீசியத்தைக் கவ்வும் அதே வேதியியல் குணத்தால், டோலுடெக்ராவிர் வயிற்றுக்குள் இரும்பையும் கால்சியத்தையும் கவ்விக்கொள்கிறது. அப்படிச் சேர்ந்துவிட்டால் மருந்து ரத்தத்தில் சரியாக ஏறாது. நம் அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருநாள் நீல நிற இரும்பு மாத்திரை கொடுக்கிறார்களே, அதையும் இதையும் வெறும் வயிற்றில் ஒன்றாக விழுங்கக் கூடாது. சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். இல்லையென்றால் இரும்புக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ டோலுடெக்ராவிர். கர்ப்பிணிக்கும் இதே கணக்குதான், ஏனென்றால் அவளுக்கு இரும்பும் கால்சியமும் நாள்தோறும் எழுதித் தருகிறார்கள். எளிய விஷயம். ஆனால் இரும்பு மாத்திரை கொடுக்கும் ஆசிரியைக்கு அந்தப் பிள்ளையின் நிலை தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. ஆகவே பிள்ளைக்குத்தான் சொல்லித்தர வேண்டும்.

2022 ஜூலையில் டெல்லி ஜன்பத் சாலையில் இருக்கும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் அமர்ந்து போராடத் தொடங்கினார்கள். டோலுடெக்ராவிர் உள்ளிட்ட மருந்துகள் மையங்களில் போதவில்லை, ஒரு மாதத்துக்குப் பதில் சில நாட்களுக்கு மட்டும் எண்ணிக் கொடுக்கிறார்கள் என்பது அவர்கள் குறை. நாட்டளவில் இருப்பு போதுமானது என்றது அரசு. நாற்பது நாட்களுக்கு மேல் அந்தப் போராட்டம் நடந்தது. நாட்டளவில் இருப்பதும் ஒரு பெண்ணின் கையில் இருப்பதும் வேறு வேறு. மாதம் ஒருமுறை போகவேண்டிய இடத்துக்கு நான்கு முறை போக வேண்டுமானால், நான்கு முறை வீட்டில் பொய் சொல்ல வேண்டும், நான்கு நாள் கல்லூரிக்கோ வேலைக்கோ மட்டம் போட வேண்டும். இதற்கு நேர்மாறாக, பல மாத மாத்திரையை ஒரேயடியாகக் கொடுக்கும் முறையைக் கொரோனா காலத்தில் நாடு முழுக்க விரிவாகச் செய்து பார்த்தோம். அது முடியும் என்பது தெரிந்ததுதான்.

கல்யாணத்தின் வழி தொற்று வந்த பெண்ணைப் பற்றியும் பேச வேண்டும். இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா செல்லப்பன், அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி எடுத்தார்; வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது தொற்று தெரிந்தது. பெரிய கண்டுபிடிப்பு அது, நாட்டையே விழிக்கவைத்தது. ஆனால் அன்று தொடங்கி, எளிதில் கைக்கு எட்டும் ரத்தம் பெண்ணுடையதாகவே இருந்துவருகிறது. இன்று ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். குழந்தையைக் காக்க அது அவசியம். விளைவாக, குடும்பத்தில் முதலில் ‘பாசிட்டிவ்’ என்று தெரிபவள் மருமகள். முதலில் தெரிந்தது யாருக்கோ அவளே கொண்டுவந்தாள் என்று மாமியார் வீடு முடிவு கட்டிவிடுகிறது.

உண்மை பெரும்பாலும் தலைகீழ். 1997-இல் வெளிவந்த புணே ஆய்வொன்று, பால்வினை நோய் மருத்துவமனைக்கு வந்த, பாலியல் தொழிலில் இல்லாத பெண்களில் 13.6 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டியது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி, இளம் வயதில் கணவரிடமிருந்து தொற்றைப் பெற்றவர். தன் நிலையை வெளிப்படையாகச் சொன்ன இந்தியாவின் முதல் சில பெண்களில் ஒருவர். எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கான கூட்டமைப்பை 1998-இல் சென்னையில் தொடங்கினார். அன்று அவருக்கு முன்னால் சிகிச்சைத் திட்டமும் இல்லை, சட்டமும் இல்லை.

உடற்கூறும் இளம்பெண்ணுக்குப் பாதகமாக இருக்கிறது. பதின்வயதில் கருப்பை வாயின் உட்புறத்து மெல்லிய ஓரடுக்குச் செல்கள் வெளிப்பக்கமும் விரிந்திருக்கும். அவை எளிதில் காயப்படும், வைரஸ் தேடும் செல்களும் அங்கே அருகிலேயே இருக்கும். கணவனுக்கு வயது அதிகம், மனைவிக்கு மறுக்கும் உரிமை குறைவு என்ற சமூகக் காரணமும் சேர்ந்துகொள்கிறது. உலகம் முழுக்க 15 முதல் 24 வயதுப் பெண்களில் வாரத்துக்குச் சுமார் 4,000 பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டதாக 2022-இன் கணக்கு.

பிறவியிலேயே தொற்றோடு வளர்ந்தவளுக்குக் கல்யாணம் என்பது வேறுவகைக் கேள்வி: சொல்வதா, எப்போது சொல்வது? இங்கே அறிவியல் அவளுக்குக் கையளிக்கும் செய்தி மிகப் பெரியது. ஒன்பது நாடுகளில் 1,763 இணையர்களை வைத்து நடந்த ஆய்வில் சென்னையும் புணேயும் பங்கேற்றன. தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் துணைக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று அது 2011-இல் காட்டியது. ஐரோப்பாவின் 14 நாடுகளில் 888 இணையர்களைப் பின்தொடர்ந்த ‘பார்ட்னர்’ ஆய்வில், வைரஸ் கட்டுப்பட்டவரிடமிருந்து துணைக்கு ஆணுறை இன்றியும் ஒரு தொற்றுகூடப் போகவில்லை. குழந்தை விஷயம்? மருந்தே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. பிரான்ஸில், கருத்தரிக்கும் முன்பே மருந்து தொடங்கிப் பிரசவத்தின்போது வைரஸ் கட்டுக்குள் இருந்த தாய்மார்களின் 2,651 குழந்தைகளில் ஒன்றுக்கும் தொற்று இல்லை. அந்தத் தாய்மார்கள் தாய்ப்பால் கொடுக்கவில்லை. தாய்ப்பால் கொடுத்தால் மருந்து எடுத்தாலும் மிகச் சிறிய அபாயம் மிஞ்சுகிறது, அதை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். இந்த எண்களைப் பதினெட்டு வயதுக்குள் ஒவ்வொரு பெண்ணும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நான் கல்யாணத்துக்கும் பிள்ளைக்கும் தகுதியற்றவள் என்று எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு மாத்திரை விழுங்கக் காரணம் ஏது?

சட்டம் இந்த இடத்துக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. எச்.ஐ.வி. உள்ளவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றமே 1998-இல் கூறியது. 2002-இல் வேறொரு அமர்வு அந்தக் கருத்துகள் தேவையற்றவை என்று விலக்கியது. 2017-இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தில் இரண்டு பிரிவுகள் இந்தப் பெண்களை நேராகத் தொடுகின்றன. தொற்றைத் துணைவரிடம் மருத்துவர் தெரிவிக்கலாம் என்னும் ஒன்பதாவது பிரிவு, அதனால் பெண்ணுக்கு அடி உதையோ கைவிடப்படும் நிலையோ வரக்கூடும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் தெரிவிக்கக் கூடாது என்கிறது. இன்னொரு பிரிவு, எச்.ஐ.வி.யால் பெற்றோர் இல்லாமலோ இயலாமலோ போன வீட்டை நடத்தும் மூத்த பிள்ளை, பன்னிரண்டு வயதைக் கடந்து பக்குவமும் இருந்தால், தம்பி தங்கைகளின் பள்ளிச் சேர்க்கைக்கும் சிகிச்சைக்கும் பாதுகாவலராகக் கையெழுத்திடலாம் என்கிறது. பன்னிரண்டு வயது அக்கா ஒரு குடும்பத்தைத் தாங்குகிறாள் என்பதைச் சட்டம் எழுதுகிறவர்கள் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். தங்கையின் சீட்டில் கையெழுத்துப் போடும் அந்தக் கைக்கு மருத்துவமனைகள் மரியாதை தர வேண்டும்.

ஆதாரம் இருக்கிறது என்று சொன்னேனே, அது ஜிம்பாப்வேயிலிருந்து வருகிறது. அங்கே ‘ஜ்வாந்திரி’ என்ற திட்டத்தில், எச்.ஐ.வி.யோடு வாழும் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து, பதின்வயதினரின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் போய் உட்கார்ந்து பேசுகிறார்கள், குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள், மாதம் ஒருமுறை குழுவாகக் கூட்டுகிறார்கள். மனச்சோர்வு தெரிந்தால் மேலே சொல்கிறார்கள். இதைச் சும்மா நல்ல காரியம் என்று விடாமல், 16 மருத்துவ மையங்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, 13 முதல் 19 வயதுவரை உள்ள சுமார் 500 பேரை 96 வாரம் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான கவனிப்பில் 36 விழுக்காட்டினருக்கு வைரஸ் கட்டுக்குள் இல்லை அல்லது இறந்துபோனார்கள். துணை இருந்த குழுவில் அது 25 விழுக்காடு. ஒரு புது மாத்திரை இந்த அளவு வேறுபாட்டைக் காட்டியிருந்தால் அதை வாங்க அரசுகள் டெண்டர் விட்டிருக்கும்.

டெல்லியில் இதற்கான வேர்கள் இருக்கின்றன. அஞ்சலி கோபாலன் 1994-இல் தொடங்கிய நாஸ் அறக்கட்டளை, எச்.ஐ.வி.யோடு வாழும் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்திவந்திருக்கிறது. 2006 முதல் நெட்பால் விளையாட்டின் வழியே ஏழைப் பதின்வயதுப் பெண்களுக்கு உடல், உரிமை, பணம் பற்றிப் பயிற்சி தரும் திட்டத்தையும் அதுவே தொடங்கியது. டெல்லி பாசிட்டிவ் மக்கள் கூட்டமைப்பு மருந்துக்காக வீதியிலும் நீதிமன்றத்திலும் நிற்கிறது. தமிழ்நாட்டில், எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென 2009-இலேயே ஐந்து கோடி ரூபாய் மூலநிதியோடு ஓர் அறக்கட்டளை உருவானது. பரிசோதனைக் கூடங்களுக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர் வைத்ததும் இங்கேதான். குறை எங்கே என்றால், இரண்டு இடங்களில் இந்தப் பெண்கள் கைநழுவிப் போகிறார்கள். கலாவதி சரண் போன்ற குழந்தைகள் மருத்துவமனையில் பெயர் சொல்லி அழைத்த மருத்துவரிடமிருந்து, பெரியவர்களின் நெரிசல் வரிசைக்கு மாறும் நாள் ஒன்று. பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறும் நாள் மற்றொன்று. இல்லத்துக்குப் பிந்தைய ஆதரவு பற்றி 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பேசுகிறது. ஆனால் வாடகைக்கு அறையும் வேலையும் தேடும் அந்த மாதங்களில், மாத்திரை எடுத்தாயா என்று கேட்க ஒரு குரலுக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? பயிற்சி பெற்ற, ஊதியம் பெறும், அதே வயதுத் தோழி ஒருத்தியை ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையத்திலும் அமர்த்துவதுதான் முதல் வேலை. சனிக்கிழமை மாலையில் மையம் திறந்திருப்பது இரண்டாவது.

இருபத்தைந்தை நெருங்கும் இந்தப் பெண்களுக்கு இன்னொரு காரியமும் காத்திருக்கிறது. எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. அந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸை விரட்டும் சக்தி அவர்கள் உடம்பில் குறைவு என்பதால், மற்றப் பதின்வயதுப் பெண்களுக்கு ஒரு தவணைத் தடுப்பூசி போதும் என்னும் உலக சுகாதார நிறுவனம், இவர்களுக்கு இரண்டு, முடிந்தால் மூன்று தவணை வேண்டும் என்கிறது. பரிசோதனையையும் முப்பதுக்குக் காத்திராமல் இருபத்தைந்திலேயே தொடங்கி, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. புற்றுக்கு முந்தைய மாற்றம் தெரிந்தால் வெப்பத்தால் சுட்டு நீக்கும் சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்துவிடும், மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. மாத்திரை வாங்க வரும் அதே நாளில், அதே கட்டடத்தில், அவள் நிலையை ஏற்கெனவே அறிந்த செவிலியரே இதைச் செய்துவிட வேண்டும். இன்னொரு துறைக்குச் சீட்டு எழுதி அனுப்பினால், அங்கே புதிதாக ஒருவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். பலர் அந்தச் சீட்டோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.